பல் எடுத்த பிறகு கரையும் தாடை எலும்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் செட் கட்டுவதும் இம்பிளாண்ட் (எலும்புக்குள் பதிக்கும் டைட்டானிய வேர்) வைப்பதும் என் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து பலர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே பல் போனவர்களோடு, அடுத்த வாரம் பல் எடுக்க நாள் குறித்திருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் கையில்தான் இன்னும் நேரம் இருக்கிறது.

பல்தானே போனது, முகம் ஏன் ஒட்டிப்போகிறது?

தாடை எலும்பை இரண்டு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது அடித்தளம். அது எளிதில் போகாது. அதன் மேல், வயலைச் சுற்றி வரப்பு எடுத்ததுபோல, பற்களைப் பிடித்துக்கொண்டு இன்னொரு எலும்பு நிற்கும். அது பல்லுக்காகவே வந்தது. பல் முளைக்கும்போது கூடவே வளரும், பல் போனால் கரையும்.

காரணம் இதுதான். பல்லின் வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு வாய் சோற்றை மெல்லும்போதும் அந்த நார்கள் வழியாக எலும்புக்கு ஒரு இழுப்பு போகும். எலும்புக்கு அதுதான் வேலை. தனக்கு வரும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். பாரம் நின்றுபோனால், உடம்பு அந்த எலும்பை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

உதடும் கன்னமும் பல்லின் மேலும் இந்த வரப்பின் மேலும் சாய்ந்துதான் நிற்கின்றன. முட்டு போனால் உதடு உள்ளே மடங்கும், கன்னம் குழி விழும். மூக்குக்கும் தாடைக்கும் நடுவே உள்ள உயரம் குறையும். மேல் தாடை எலும்பு பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்து கரைவதால் அதன் வளைவு சிறுத்துக்கொண்டே போகும். கீழ்த்தாடையின் வளைவோ பார்வைக்கு அகன்று தெரியும். அதனால்தான் பொக்கை வாய்க்காரர்களுக்கு மோவாய் முன்னே துருத்தித் தெரிகிறது. 50 வயதுக்காரர் 65 மாதிரி தெரிவதற்கு இதுவே போதும்.

எவ்வளவு சீக்கிரம் கரையும்?

நினைப்பதைவிடச் சீக்கிரம். ஒரு பல் எடுத்த இடத்தில் எலும்பின் அகலம் ஓராண்டுக்குள் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது என்று டென்மார்க் பல் மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. "புண் ஆறட்டும், அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்" என்று போகிறவர்கள் திரும்பி வரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும்.

முழுவாயும் போனவர்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்தவர் ஆன்ட்யே டால்கிரென். 25 ஆண்டு வரை நீண்ட அந்த ஆய்வு 1972-இல் வந்தது. கரைவது முதலாண்டில் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் நடக்கிறது, ஆனால் நிற்பதே இல்லை. கீழ்த்தாடை மேல்தாடையைப் போல நான்கு மடங்கு உயரம் இழக்கிறது. கீழ் செட்தான் எல்லோருக்கும் ஆடுகிறது என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கால்சியம் மாத்திரை, பிரண்டை, முருங்கைக்கீரை சாப்பிட்டால் திரும்ப வளருமா?

வளராது. பிரண்டைத் துவையல் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் கரைந்த வரப்பு சாப்பாட்டினாலோ ஈறைத் தேய்த்துவிடுவதாலோ எழும்பி வராது.

பல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதே நான் செய்யக்கூடியது என்ன?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் ஆயிரத்தில் ஒருவர்தான் கேட்கிறார்.

முதலில், எடுத்தே ஆக வேண்டுமா என்று கேளுங்கள். வேர் சிகிச்சை செய்து காப்பாற்றக்கூடிய பல், வலிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போய்விடக் கூடாது. "எல்லாத்தையும் எடுத்துவிட்டு மொத்தமாகச் செட் போட்டுடுங்க டாக்டர், நிம்மதி" என்று சொல்லும் அப்பாக்களையும் அம்மாக்களையும் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அவர்களிடம் நான் கெஞ்சுவது ஒன்றைத்தான். கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் ஆடாமல் இருந்தால், அந்த வேர்களையாவது விட்டுவையுங்கள். வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்கு அறுத்து மூடி, அதன் மேலேயே கழற்றி மாட்டும் செட்டை உட்கார வைக்க முடியும். 1978-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இப்படி வேரை விட்டவர்களையும் முழுக்க எடுத்தவர்களையும் ஐந்தாண்டு ஒப்பிட்டது. வேர் இருந்தவர்களுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கம் கரைந்தது 0.6 மில்லிமீட்டர். எடுத்துவிட்டவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். இரண்டே இரண்டு வேர்கள் செய்த வேலை இது. வேர் மேல் செட் போட்டவர்கள் அந்த வேரைத் தினமும் துலக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சொத்தையாகிப் போகும். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எடுக்கும் விதம் முக்கியம். முன்பற்களின் வெளிப்பக்க எலும்பு பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளிப்பக்கமாக நெம்பி இழுத்தால் அது பல்லோடு உடைந்து வரும். வேரைத் துண்டாக்கி, ஓரத்து நாரை அறுத்து, பொறுமையாக எடுத்தால் அந்தச் சுவர் தப்பிக்கும்.

எடுத்த குழியை அப்படியே விடாமல் எலும்புத் துகளை நிரப்பி மேலே ஒரு சவ்வு போட்டுத் தைக்கலாம். இதைக் குழி பாதுகாப்பு என்பார்கள். கரைவதை இது முழுசாக நிறுத்தாது, குறைக்கும். பின்னால் பெரிய எலும்பு அறுவை தேவைப்படாமல் போக இந்தக் குறைவே போதுமானதாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சில இடங்களில் பல் எடுத்த அன்றே இம்பிளாண்ட் வைப்பதும் உண்டு. சீழ் இருக்கிறதா, எந்தப் பல், சுவர் முழுசாக இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய முடியும்.

நான் படித்து முடித்து வந்த புதிதில் இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமலே பல் எடுத்திருக்கிறேன். வலியோடு வந்தார்கள், வலி போனது, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் சிலர் பத்து வருடம் கழித்து ஆடும் செட்டோடு வந்தபோதுதான், அன்று ஐந்து நிமிடம் பேசியிருக்கலாமே என்று உறைத்தது. அதனால்தான் இந்த ஒரு பதிலை இவ்வளவு நீட்டுகிறேன்.

பிரிட்ஜ் அல்லது பல் செட் போட்டால் எலும்பு கரைவது நிற்குமா?

நிற்காது. பிரிட்ஜில் பக்கத்துப் பற்கள்தான் பாரத்தைத் தாங்குகின்றன, நடுவில் தொங்கும் பல்லுக்கு வேர் கிடையாது. சில வருடத்தில் அதன் அடியில் ஈறு இறங்கி, சோறு மாட்டும் சந்து விழுவது இதனால்தான்.

பல் செட் எலும்பை மேலிருந்து அழுத்துகிறது. எலும்புக்கு வேண்டியது உள்ளிருந்து வரும் இழுப்பு, மேலிருந்து வரும் அழுத்தத்தில் அது இன்னும் கரையும். செட் லூசாகிவிட்டால் அந்தத் தேய்ப்பில் மேலும் வேகமாகப் போகும்.

ஒரு பாட்டி வந்தார். கீழ் செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது அதன் உள்பக்கம் பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. ஆடுகிறது என்று தினமும் காலையில் கொஞ்சம் பஞ்சை நனைத்து வைத்து அழுத்திக்கொள்வாராம். ஆறு வருடமாக அப்படித்தான். பஞ்சை எடுத்துவிட்டு அவர் ஈறைத் தொட்டுப் பார்த்தேன். வரப்பு கத்தி முனை மாதிரிக் கூர்ந்து, மேலே தளதளவென்று ஆடும் சதை. மோவாய் நரம்பு வெளியே வரும் துவாரம் வழக்கமாகப் பக்கவாட்டில், கீழே இருக்கும். அவருக்கு எலும்பு கரைந்து கரைந்து அது மேல் மட்டத்துக்கே வந்துவிட்டது. செட்டை அழுத்திக் கடிக்கும்போதெல்லாம் கீழுதட்டில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது அதனால்தான். "வயசானா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் கண்ணு" என்றார்.

செட் போட்டிருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை காட்டுங்கள். உள்பக்கம் புது அளவெடுத்து ரீலைன் செய்தால் போதுமா, புதிதாகக் கட்ட வேண்டுமா என்று சொல்வார்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறுக்கும் ஓய்வு வேண்டும்.

அறுவை சிகிச்சை எதுவும் வேண்டாம். செட்டை வைத்தே முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பெரும்பகுதி முடியும். நல்ல செட் என்பது பல் வரிசை மட்டும் கிடையாது. பல்லுக்கு மேலே ரோஸ் நிறத்தில் இருக்கும் பகுதிதான் போன எலும்பின் இடத்தில் நின்று உதட்டை முன்னே தள்ளுகிறது. அது மெலிதாக இருந்தால் உதடு மடங்கியே இருக்கும், அளவு மீறினால் மேலுதடு வீங்கியது போலாகும். கன்னம் ரொம்பக் குழிந்திருந்தால் பக்கவாட்டிலும் கொஞ்சம் தடிமன் கொடுக்கலாம்.

முகத்தின் உயரத்தை எப்படி அளக்கிறோம் என்று பலருக்குத் தெரியாது. மூக்கு நுனியில் ஒரு புள்ளி, மோவாயில் ஒரு புள்ளி வைப்போம். நிமிர்ந்து உட்கார வைத்து "அம்மா" என்று சொல்லச் சொல்வோம். "ம்" சொல்லி முடித்து உதடு லேசாகத் தொட்டு நிற்கும் அந்த நொடியில் தாடைத் தசைகள் தளர்ந்து இருக்கும். அப்போது இரண்டு புள்ளிக்கும் நடுவே அளப்போம். பல் கடித்திருக்கும்போது இருக்க வேண்டிய உயரம் அதைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் குறைவு. இதில் குறைத்துவிட்டால் முகம் சுருங்கியே இருக்கும், வாயோரத்தில் எச்சில் தேங்கிப் புண்ணாகும். கூட்டிவிட்டால் பேசும்போது பல் டக் டக்கென்று மோதும், மாலைக்குள் தாடை வலிக்கும். ஆகவே "இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்க, இளமையா தெரியும்" என்று வற்புறுத்த வேண்டாம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். செட் சரியாக அமைந்தால் அந்தச் சொல்லும் சேர்ந்து திரும்பும். ஒன்றிரண்டு வாரம் வீட்டில் பேப்பரைச் சத்தமாகப் படித்துப் பழகினால் நாக்கு பிடிபட்டுவிடும்.

இம்பிளாண்ட் எலும்பைக் காக்கும் என்கிறார்களே, எப்படி?

ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களின் தொடக்கத்தில் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து ஆராய்ந்தார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. அந்த எதிர்பாராத ஒட்டுதலைப் பிடித்துக்கொண்டுதான் 1965-இல் முதல் முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களை வைத்தார். அவர் பெயர் கோஸ்டா லார்ஸன். அந்த வேர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் அவர் வாயில் வேலை செய்தன.

டைட்டானிய வேர் எலும்போடு நேராக ஒட்டிக்கொள்வதால் மெல்லும் பாரம் திரும்பவும் எலும்புக்குள் போகிறது. எலும்புக்கு வேலை கிடைத்துவிட்டதால் அந்த இடத்தில் கரைவது வெகுவாகக் குறைகிறது. ஏற்கெனவே கரைந்துபோனதை இம்பிளாண்ட் வளர்த்துத் தராது, இருப்பதைக் காக்கும். இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டு போங்கள்.

எல்லாப் பல்லுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டியதும் இல்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டு இம்பிளாண்ட் வைத்து, அதில் செட்டைப் பட்டன் மாதிரி மாட்டலாம். முழுக் கீழ்த்தாடைப் பல்லும் போனவர்களுக்குக் குறைந்தபட்சம் இதைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். பஞ்சு வைத்திருந்த அந்தப் பாட்டிக்கும் இதைத்தான் செய்தோம். முன்பக்கத்தில் மட்டும் அவருக்கு எலும்பு மிச்சமிருந்தது.

"எலும்பு பத்தாது, போன் பவுடர் வைக்கணும்" என்றார்கள். அது என்ன?

எலும்பு வளரத் தற்காலிகச் சாரம் கட்டுவது என்று சொல்லலாம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி, இந்தத் துகளைப் பிடித்து ஏறி உங்கள் சொந்த எலும்புச் செல்கள் அங்கே வந்து புது எலும்பைக் கட்டும். ஈறுச் சதை எலும்பைவிட வேகமாக வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துவிடும் என்பதால் மேலே ஒரு சவ்வு போட்டுத் தடுக்கிறார்கள்.

நிறைய அகலம் வேண்டியிருந்தால் பவுடர் போதாது. கடைவாய்ப்பல்லுக்குப் பின்னாலோ மோவாயிலோ உங்கள் சொந்த எலும்பில் ஒரு துண்டு எடுத்து, சின்ன ஸ்குரூ போட்டு வைப்பார்கள். அது ஒட்ட நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். உயரத்தைக் கூட்டுவது அகலத்தைக் கூட்டுவதைவிடக் கடினம். "எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பவுடர் மாட்டு எலும்பா? நாங்கள் சைவம்.

பரவலாகப் பயன்படும் வகைகளில் ஒன்று மாட்டு எலும்பிலிருந்து வருவதுதான். அதில் உயிர்ப்பொருள் எல்லாம் நீக்கப்பட்டுத் தாதுப்பொருள் மட்டும் மிஞ்சும். சவ்வுகளில் சில பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன். இதைக் கேட்காமல் வைப்பது தவறு என்று நான் நினைக்கிறேன். முஸ்லிம் குடும்பங்களிலும் சைவக் குடும்பங்களிலும் இது மனசாட்சி சம்பந்தப்பட்ட விஷயம், தயங்காமல் கேளுங்கள். செயற்கையாகத் தயாரித்த கால்சியம் பாஸ்பேட் வகைகள் இருக்கின்றன. உங்கள் சொந்த எலும்பு இருக்கிறது. உங்கள் ரத்தத்தையே சுழற்றி எடுக்கும் பி.ஆர்.எஃப் என்ற ஜவ்வையும் சவ்வோடு சேர்த்தோ சில இடங்களில் சவ்வுக்குப் பதிலாகவோ வைப்பது உண்டு. எந்த வகை, எங்கிருந்து வந்தது என்பது பெட்டியிலேயே எழுதியிருக்கும்.

மேல் கடைவாயில் சைனஸ் லிஃப்ட் என்கிறார்கள். மூக்கில் அறுவையா?

மூக்கில் இல்லை. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே, மேல் தாடை எலும்புக்குள் சைனஸ் என்ற காற்றறை ஒன்று உண்டு. பல் போன பிறகு எலும்பு கீழிருந்து கரைய, அந்த அறை மேலிருந்து இறங்கும். நடுவில் சிலருக்கு 2 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அறையின் அடியில் இருக்கும் மெல்லிய சவ்வைக் கிழியாமல் தூக்கி, அடியில் எலும்புத் துகள் நிரப்புவதுதான் சைனஸ் லிஃப்ட். முட்டை ஓட்டை உடைத்து உள்தோல் கிழியாமல் பிரிப்பது மாதிரியான வேலை. சளியோ சைனஸ் தொந்தரவோ இருந்தால் முதலில் அதற்குப் பார்த்துவிட வேண்டும். செய்த பிறகு சில வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது.

எலும்பு வைக்காமல் வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. எலும்பு மிஞ்சியிருக்கும் முன்பக்கத்தில் நான்கு இம்பிளாண்ட் வைத்து, பின்னிரண்டைச் சாய்த்துப் பதித்து, முழு வரிசையையும் அதில் நிறுத்தும் முறையைப் போர்ச்சுகல் மருத்துவர் பாவ்லோ மாலோ பரவலாக்கினார். மேல் தாடை மிகவும் கரைந்துபோனவர்களுக்குக் கன்ன எலும்பு வரை போகும் நீண்ட இம்பிளாண்டும் உண்டு. அது 30 மில்லிமீட்டருக்கு மேல் நீளம், கண்குழிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அனுபவமுள்ள தாடை அறுவை மருத்துவரிடம் மட்டுமே போங்கள்.

சர்க்கரை இருக்கிறது. பீடி பழக்கமும் உண்டு. செய்யலாமா?

மூன்று மாதச் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். பீடி, சிகரெட், புகையிலை விடாமல் எலும்பு வைப்பது விழலுக்கு இறைத்த நீர். புகையிலையால் ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் புது எலும்பு சரியாகப் பிடிக்காது.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஆண்டுக்கு ஓர் ஊசியோ எடுப்பவர்கள், புற்றுநோய்க்காக எலும்பு ஊசி போட்டவர்கள், கழுத்து அல்லது தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், பல் எடுப்பதற்கு முன்பே கட்டாயம் சொல்லுங்கள். இவர்களில் சிலருக்குப் பல் எடுத்த குழி ஆறாமல் எலும்பே அழுகிப்போகும் ஆபத்து இருக்கிறது. "சத்து ஊசிதானே" என்று மறைத்துவிடாதீர்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பல் மருத்துவர் பேசிக்கொள்வார்.

அப்பாவுக்கு 76 வயது. இனிமேல் எதற்கு என்கிறார்.

வயது தடையில்லை, உடல்நிலைதான் கணக்கு. ஆனால் அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். நன்றாகக் கட்டிய ஒரு செட்டும் சாம்பார் சாதத்தைத் தாண்டி ஒரு வடையைக் கடிக்க முடிகிற சந்தோஷமும் அவருக்குப் போதுமானதாக இருக்கலாம்.

வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையில் ஒரு பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதற்கு?

காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் உள்பக்க எலும்பே தாங்குகிறது. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பிலிருந்து ஒரு நீளத்தை ரத்தக் குழாயோடு எடுத்து, தாடை வளைவுக்கு ஏற்ப வெட்டி வளைத்து, கழுத்து ரத்தக் குழாயோடு நுண்ணோக்கி வைத்து இணைப்பார்கள். தாடைக்கு இந்த முறை 1989-இல் வந்தது, இன்றும் இதையே நம்புகிறார்கள். எல்லாம் ஆறியபின் அந்தக் கால் எலும்பிலேயே இம்பிளாண்ட் வைத்துப் பல் கட்ட முடிகிறது. மனம் தளர வேண்டாம். நீண்ட வழிதான், ஆனால் போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

கன்னத்தில் ஃபில்லர் ஊசி போட்டால் போதாதா?

குழி நிரம்பும், சில மாதத்தில் கரையும். பல்லும் எலும்பும் கொடுக்க வேண்டிய முட்டு அதில் கிடைக்காது. பல் வேலை முடிந்த பிறகும் குறை தெரிந்தால் அப்போது யோசிக்கலாம்.

மகனுக்கு 14 வயது. விளையாடும்போது முன்பல் முழுசாக விழுந்துவிட்டது.

விழுந்த உடனே என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு ஓடுங்கள். வேரைத் தொடாமல் பல்லின் தலைப்பகுதியைப் பிடித்து, பாலில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்விட்டால் அதையே திரும்ப வைக்கலாம். பல் தொலைந்துவிட்டால் இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல்தான். தாடை வளர்ச்சி முடியும் முன் இம்பிளாண்ட் வைக்கக் கூடாது. மற்றப் பற்கள் வளர்ச்சியோடு இறங்கும்போது அது மட்டும் அங்கேயே நின்றுவிடும்.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன் இருந்தால் அவை. பழைய செட் உடைந்திருந்தாலும் எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதில் நீங்கள் மெல்லும் விதம் முழுக்கப் பதிந்திருக்கும்.

அப்புறம், பல் இருந்த காலத்து ஃபோட்டோ ஒன்று. முன்பல்லின் அகலம், உதடு எவ்வளவு முன்னே நின்றது, சிரித்தால் எத்தனை பல் தெரிந்தது எல்லாம் அதிலிருந்துதான் எடுப்போம். கல்யாண ஃபோட்டோவில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்தது ஏதாவது இருந்தால், அதைக் கொண்டு வாருங்கள்.